சோரம் என்னும் சொல்

திருப்பதிப் பேருந்து நிலையத்திலும் சித்தூர்க் கடைத்தெருவிலும் தமிழ் நாளிதழும் தெலுங்கு நாளிதழும் அருகருகே தொங்குகின்றன. மணவாழ்க்கைக்கு வெளியே ஒருவர் கொண்ட உறவினால் விளைந்த பூசலும், அது காவல் நிலையம் வரை சென்ற கதையும் இரண்டிலும் அடிக்கடி வரும். தெலுங்கு இதழ் அதனை ‘அக்ரம சம்பந்தம்’ என்று எழுதும். சற்று நாகரிகமாக எழுத விரும்பினால் ‘விவாஹேதர சம்பந்தம்’ என்னும். தமிழ் இதழோ ‘கள்ளக்காதல்’ என்று தலைப்பிடும். நிகழ்ச்சி ஒன்றே, முறை தவறிய தொடர்பு என்கிறது ஒரு மொழி, திருட்டு என்கிறது மற்றொரு மொழி. அண்மைக் காலத்தில் ‘திருமணம் கடந்த உறவு’ என்னும் தொடரும் தமிழ் இதழ்களில் தலைகாட்டுகிறது. ஆயினும் அது நீளமான தொடர். தலைப்புக்குரிய இடத்தில் அடங்குவதில்லை. ஆதலின் பழைய சொல்லே மீண்டும் மீண்டும் வந்து அமர்ந்து கொள்கிறது.

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் திங்களிதழில் இத்தகைய சொல்லை எடுத்து ஆராயலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். ஆராயாமல் வழங்குவதே தீங்கு என்பது என் கருத்து. பிழைப்பை நாடி வந்து வேற்றூரில் சிறு தொகுதியாக வாழும் குடும்பங்களிடையே ஒரு சொல் பரவும் வேகம் பெரிது. கணவன் வளைகுடா நாட்டிலோ பெங்களூரிலோ பணி செய்ய, மனைவி பிள்ளைகளோடு இங்கே தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல உள. அத்தகைய வீட்டுப் பெண் ஒருத்தியைப் பற்றி யாரேனும் ‘சோரம் போனாள்’ என்று சொல்லிவிட்டால், அதற்குச் சான்று கேட்பார் இல்லை. அச்சொல்லே தீர்ப்பாகி விடுகிறது. இவ்வளவு ஆற்றல் வாய்ந்த சொல் எங்கிருந்து வந்தது, எப்பொருளைச் சுமந்து வந்தது என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

‘சோரம்’ வடசொல் வழி வந்தது. ‘சுர்’ என்னும் வடமொழி வேர்க்குத் திருடுதல் என்பது பொருள். அதிலிருந்து வந்த ‘சோர’ என்னும் சொல் திருடனைக் குறிக்கும். தமிழில் சோரன் என்றால் திருடன். சோரம் என்றால் திருட்டு. இதற்குமேல் பிறன்மனைக் கூட்டம் என்னும் பொருளும் தமிழில் ஏறி, நாளடைவில் பழம்பொருளை மறைத்தே விட்டது. தெலுங்கில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே ‘சோருடு’ இன்றும் திருடன்தான். ஆகவே தமிழ் வீட்டில் முணுமுணுப்பாகச் சொல்லப்படும் ‘சோரம்’ என்னும் சொல்லைக் கேட்கும் தெலுங்கு அண்டை வீட்டார், ஏதோ நகை களவு போயிற்று போலும் என்றே எண்ணுவர். தெலுங்குப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் அவ்வாறே எண்ணுவர். யாருடைய பொருளை யார் திருடினார் என்று அவர்கள் கேட்டால், அது நல்ல கேள்விதான்.

சிலர் இச்சொல்லைச் ‘சோர்தல்’ என்னும் தமிழ் வினையோடு சேர்த்து எண்ணுவதுண்டு. சோர்தல் என்றால் நழுவுதல், தளர்தல். ஒழுக்கத்திலிருந்து நழுவியமையால் சோரம் ஆயிற்று என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஓசை ஒப்புமை கண்டு பொருள் ஒப்புமை கற்பித்ததே அது. சோரனாகிய திருடனைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அவ்விளக்கம் நில்லாது.

சொல்லைக் காட்டிலும் அதனோடு சேரும் வினையையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ‘சோரம் செய்தாள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சோரம் போனாள்’ என்றே சொல்கிறோம். ‘பெட்டி களவு போயிற்று’, ‘மாடு திருட்டுப் போயிற்று’ என்னும் தொடர்களை இதனோடு வைத்துப் பாருங்கள். களவு போவது பொருள். களவு செய்பவன் வேறொருவன். தொடரின் அமைப்புப்படி பார்த்தால் பெண் இங்கே திருடப்பட்ட பொருள். திருடப்பட்ட பெட்டியை ஒருவரும் தண்டிப்பதில்லை. மாட்டைத் தேடிப் பிடித்தால் கொட்டிலில் கட்டித் தீனி போடுவர். இந்த ஒரு தொடரில் மட்டும் பொருளும் அவளே, குற்றவாளியும் அவளே. ஆண்மகன் சோரம் போவதாகத் தமிழில் வழங்குவது பெரும்பாலும் அரசியல் மேடையில்தான்: கொள்கையை விற்றுப் பதவி பெற்றவரை அவ்வாறு ஏசுவர். அங்கும் அது பெண்ணுக்குரிய வசையைக் கடன் வாங்கிய ஏச்சே.

இனிக் ‘கள்ளக்காதல்’ என்பதனைப் பார்ப்போம். கள்ளன், களவு, கள்ளம், கள்வன் ஆகிய யாவும் ‘கள்’ என்னும் ஒரே தமிழ் அடியிலிருந்து பிறந்தவை. திருடுதல் என்பதே அதன் பொருள். நாம் வாழும் வேங்கடத்துக்கும் இச்சொல்லுக்கும் பழந்தொடர்பு ஒன்றுண்டு. வேங்கட மலைக்கு உரியவனாகிய புல்லியைக் கள்வர்க்குத் தலைவன் என்று அகநானூறு கூறும். அங்கே கள்வர் என்பது திருடரைக் குறிப்பதோ ஒரு குடியினரைக் குறிப்பதோ என்பது பற்றி அறிஞர் இன்னும் வாதிடுவர். அவ்வாதம் நமக்கு இங்கே வேண்டா. ஆனால் இதே அடியில் பிறந்த ‘களவு’ என்னும் சொல்லை அகப்பொருள் நூலோர் எதற்கு வைத்தனர் என்பது வேண்டும். மணத்துக்கு முன் தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் கொள்ளும் காதலுக்கு அது பெயர். அக்காதல் மணத்தில் முடிந்தபின் நிகழும் இல்வாழ்க்கைக்குக் ‘கற்பு’ என்று பெயர். தொல்காப்பியத்தில் களவியல், கற்பியல் என இரண்டு இயல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இறையனார் அகப்பொருளுக்கே ‘இறையனார் களவியல்’ என்று மற்றொரு பெயர் உண்டு. களவு என்ற சொல்லைக் கேட்டு மருளவேண்டா, இக்களவு தீய களவு ஆகாது என்று அதன் உரைகாரர் விளக்குகிறார். அவருக்கே அச்சொல் சிறிது உறுத்தியது போலும். அன்று இருவரும் சேர்ந்து செய்த களவு அது. இருவரும் கள்வர், இருவரும் உடையவர். பிற்காலத்தில் அதே அடியை எடுத்துக் கள்ளப்புருஷன் என்றும் கள்ளக்காதல் என்றும் தொடர்கள் பிறந்தபோது, உடைமை ஒருபுறமும் திருட்டு மறுபுறமும் பிரிந்து நின்றன.

உடைமை எங்கிருந்து வந்தது? மனைவிக்குத் தமிழ் வைத்த பெயர்களிலேயே அதன் வித்து இருக்கிறது. இல் என்பது வீடு, இல்லாள் மனைவி. மனை என்பதும் வீடு. மனைவி என்பதும் அவ்வழி வந்ததே. தெலுங்கிலும் ‘இல்லு’ வீடு, ‘இல்லாலு’ மனைவி. இது பெருமையான பெயர்தான். வீட்டை ஆள்பவள் என்று பொருள் சொல்லலாம். ஆனால் மனைவியை வீடு என்று அழைத்த பின்னர், அயலான் ஒருவன் நுழைந்தால் அது கன்னமிடுதலாகத் தோன்றுவதும் இயல்பே. திருக்குறளில் 15-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பிறனில் விழையாமை’. பிறன் இல் என்பதற்குப் பிறனுடைய வீடு என்றும் பிறனுடைய மனைவி என்றும் பொருள் கொள்ள இடமிருக்கிறது. எனினும் வள்ளுவரை நாம் இங்கே நன்றியோடு நினைக்கவேண்டும். அவ்வதிகாரத்துப் பத்துக் குறளும் ஆண்மகனை நோக்கியே பேசுகின்றன. பெண்ணை ஏசும் சொல் ஒன்றேனும் அப்பத்தில் இல்லை.

ஆடவர் தவறுக்கு நம் மொழி வழங்கிய பெயர்களைக் கேட்டால் நகைப்பு வரும். தலைவன் தலைவியைப் பிரியும் பிரிவுகளை நம்பி அகப்பொருள் ஆறாக வகுக்கிறது. கல்வி கற்கப் போதல் ஒன்று. நாடு காக்கப் போதல் ஒன்று. தூது, துணை, பொருள் என இன்னும் மூன்று. இவற்றோடு பரத்தையிடம் போதலும் ஒன்று. படிப்புக்கும் பொருள் ஈட்டுதற்கும் பக்கத்தில் அது வரிசையாக உட்கார்ந்திருக்கிறது! மனைவி போனால் சோரம். கணவன் போனால் ‘பிரிவு’. தலைவி ஊடினாள், தோழி வாயில் மறுத்தாள், ஊடல் தணிந்தது என்று மருதத் திணை அதனைப் பாடிப் பாடி அழகாக்கி வைத்தது. 15-ஆம் நூற்றாண்டில் திருமலையில் அன்னமாச்சாரியர் தெலுங்கில் பாடிய சிருங்காரக் கீர்த்தனைகளிலும் இதே ஊடல் காட்சி வருகிறது. அங்கே ஊடுபவள் அலமேல்மங்கைத் தாயார், குற்றம் சாட்டப்படுபவர் திருவேங்கடவர்.

பேச்சு வழக்கிலும் இதே கணக்குதான். ஆடவன் ஒருத்தியை ‘வைத்துக்கொள்கிறான்’. அவள் வைப்பு, வைப்பாட்டி. வங்கியில் பணம் போட்டு வைப்பதற்கும் அதே சொல்தான். இன்னும் நயமாகச் சொன்னால் ‘சின்ன வீடு’. தெலுங்கிலும் ‘சின்னில்லு’ என்கிறார்கள். இல் என்றால் மனைவி என்ற பழைய சமன்பாட்டை இச்சொல் எவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றுகிறது பாருங்கள். ஆண்மகன் நெறி தவறினால் அவனுக்கு மற்றொரு வீடு சேர்கிறது. அது சொத்துக் கணக்கில் வரவு.

சிலப்பதிகாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கோவலன் கண்ணகியைப் பிரிந்து மாதவியோடு வாழ்ந்தான். குலத்தோர் தேடிய செல்வமெல்லாம் தொலைந்தது. அதற்காக அவனைக் கள்வன் என்று அழைத்தவர் ஒருவரும் இல்லை. மதுரையில், தான் திருடாத சிலம்புக்காக அவன் கள்வன் என்னும் பெயர் பெற்று வெட்டுண்டான். அவன் கள்வன் அல்லன் என்று அரசவையில் நிலைநாட்டியவள், அவனால் எல்லாவற்றையும் இழந்த கண்ணகியே. புகாரில் அவள் இழந்ததற்குத் தமிழில் களவு என்று பெயரில்லை; மதுரையில் காணாமற்போன அரசியின் சிலம்புக்கு இருந்தது.

விபசாரம் என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடமொழியில் அது ‘வியபிசாரம்’; வழி விலகித் திரிதல் என்பது அதன் நேர்ப்பொருள். தருக்க நூலோர், முடிவோடு தவறாமல் சேர்ந்து நில்லாமல் விலகித் திரியும் காரணத்தையும் அச்சொல்லாலேயே குறித்தனர். தமிழ் விவிலியத்தில் அது மணவுறவு பிழைத்தலைக் குறிக்கும். நாளிதழிலும் சட்டத்திலும் பொருளுக்கு உடலை விற்பதைக் குறிக்கும். இவ்விரு பொருளையும் குழப்பிக் கொண்டு வீண் சண்டை விளைவதுண்டு. தெலுங்கு நாட்டுப்புறத்தில் ‘ரங்க்கு’ என்று ஒரு தனிச்சொல் இருக்கிறது. சார்லஸ் பிலிப் பிரௌன் 1852-இல் வெளியிட்ட தெலுங்கு அகராதியிலும் அது இடம் பெற்றது. அது வசைச்சொல், வீட்டில் வழங்கத் தக்கதன்று.

சொல்லில் இருந்த கணக்கு சட்டத்திலும் இருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, மற்றொருவன் மனைவியோடு அவனுடைய இசைவு இல்லாமல் கூடும் ஆண்மகனுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. கணவன் இசைந்தால் குற்றமில்லை. அதே சட்டத்தின் 378-ஆம் பிரிவு திருட்டுக்கு இலக்கணம் கூறுகிறது. அங்கும் பொருளை வைத்திருப்பவனுடைய இசைவு இல்லாமல் எடுப்பதே திருட்டு. இரண்டு பிரிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே கைதான் எழுதியது போலத் தோன்றும். கணவன் மணமாகாத பெண்ணோடு உறவு கொண்டால் 497-இன்படி குற்றமே இல்லை. மனைவி முறையிட வழியும் இல்லை. முறையிடும் உரிமை கணவனுக்கே உரியது. மெக்காலே தலைமையில் 1837-இல் எழுதப்பட்ட முதல் வரைவில் இப்பிரிவு இல்லை என்பதும், பின்வந்தோரே இதனைச் சேர்த்தனர் என்பதும் குறிப்பிடத் தக்கன. பெண்ணுக்குத் தண்டனை இல்லையே, அவளுக்கு இது சலுகைதானே என்று 1954-இலும் 1985-இலும் உச்சநீதிமன்றம் இப்பிரிவை நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 27-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, ஜோசப் ஷைன் வழக்கில், இதனைச் செல்லாது என்று தீர்த்தது. மனைவி கணவனின் உடைமை என்னும் எண்ணத்தின்மேல் எழுந்த பிரிவு இது என்பது அத்தீர்ப்பின் சாரம். திருட்டுப் போகாத ஒருத்திக்குச் சலுகை எதற்கு என்று நான் அதற்கு உரை எழுதிக் கொண்டேன்.

2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 497-க்கு ஒப்பான பிரிவு கிடையாது. எனினும் மணமான பெண்ணைத் தீய நோக்கத்தோடு மயக்கிக் கொண்டுபோதல் பற்றிய பழைய 498-ஆம் பிரிவு அதில் 84 என்னும் எண்ணோடு உயிரோடிருக்கிறது. பொருள் களவு போன சாயல் அதில் இன்னும் சற்று இருக்கிறது.

திருப்பதியில் வாழ்வோர் வேறொரு நீதிமுறையை ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கின்றனர். மே மாதத்தில் ஒரு வாரம் நிகழும் தாத்தய்யகுண்டா கங்கம்மன் ஜாத்திரையைச் சொல்கிறேன். இவ்வூரைப் பாளேகாரன் ஒருவன் ஆண்டான் என்றும், மணமாகும் பெண் எவளும் முதலில் தன்னிடம் வரவேண்டும் என்று கட்டளையிட்டான் என்றும் கதை. அவிலாலாவில் கைகால குலத்தார் வீட்டில் வளர்ந்த கங்கம்மனையும் அவன் நாடினான். அவள் தன் வடிவைக் காட்டவே அஞ்சி ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் பைராகியாகவும் தோட்டியாகவும் இன்னும் பல வேடத்திலும் தெருத்தெருவாகத் திரிந்தாள். கடைசியில் துரை வேடம் பூண்டு வந்தபோது அவன் வெளிப்பட, தலையைத் துணித்தாள். இன்றும் அவ்வேடங்கள் வீதியில் வருகின்றன. நேர்த்திக்கடனாக ஆடவர் சேலை கட்டி, மஞ்சள் பூசி, பூ முடித்து வருகின்றனர். பாளேகாரனை வாய்க்கு வந்தபடி ஏசுவதும் திருவிழாவின் ஒரு கூறு. கங்கம்மன் திருவேங்கடவனின் தங்கை என்பது ஊர் நம்பிக்கை. ஆதலால் திருமலைக் கோயிலிலிருந்து அவளுக்குச் சீர்வரிசை வருகிறது.

இக்கதையைச் சட்டத்தோடு ஒட்டிப் பாருங்கள். ‘என் உடைமை களவு போயிற்று’ என்று கணவன் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை. தீங்குற்றவள் பெண், தேடிச் சென்றவள் பெண், தண்டித்தவளும் பெண். ஏச்சு முழுவதும் அவன் தலையில் விழுகிறது. வேறு எந்த ஊர்த் தெருவிலும் பழி இவ்வளவு ஒழுங்காக உரியவனிடம் போய்ச் சேர்வதை நான் கண்டதில்லை. இத்திருவிழாவைக் கூட்டமும் கூச்சலும் என்று எண்ணி வீட்டுக்குள் இருந்துவிடும் நம்மவர் சிலர் உளர். பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்டுதல் நன்று.

இதுகாறும் கூறாமல் விட்ட ஒன்று உண்டு. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் ‘கள்’ என்னும் அடியின்கீழ்த் தமிழ், மலையாளம், கன்னடம் முதலிய மொழிகளில் திருட்டைக் குறிக்கும் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. தெலுங்குச் சொல் ‘கல்ல’ என்பதும் அவ்வரிசையில் இடம்பெறுகிறது. ஆனால் அதன் பொருள் பொய். திருடனுக்குத் தெலுங்கு ‘தொங்க’ என்னும் வேறு சொல்லை எடுத்துக்கொண்டது. இந்தப் பழைய அடியைப் பொய்க்கு என்று வைத்துக்கொண்டது. தமிழிலும் அப்பொருள் அடியோடு அற்றுப் போகவில்லை. ‘கள்ளமில்லாத மனம்’ என்னும்போது நாம் திருட்டை நினைப்பதில்லை. வஞ்சனை இல்லாமையையே நினைக்கிறோம்.

திருட்டு என்றால் உடையவன் ஒருவன் வேண்டும். உடைமை ஒன்று வேண்டும். பொய்க்கு அவை வேண்டா. ஒருவரை ஒருவர் நம்பிய இருவர் இருந்தால் போதும். அவருள் யார் பொய்த்தாலும் பொய் பொய்தான். மணவுறவில் உண்மை பிழைத்தவர் கணவனாயினும் மனைவியாயினும் அதற்கு ஒரே பெயர் வேண்டுமானால், ‘கள்ளம்’ என்பதன் இந்தப் பொருளில் அது கிடைக்கிறது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 1976-இல் திருத்தப்பட்டபின், இவ்வழியே போகிறது. தன் துணை அல்லாத எவரோடும் மனமொப்பிக் கூடுதல் மணவிலக்குக்குக் காரணம் என்று அது சொல்லும்போது கணவன், மனைவி என்னும் வேறுபாடு காட்டவில்லை.

மணவழக்குகள் நீதிமன்றம் போகுமுன் பெரும்பாலும் நம் பெரியோர் முன்னிலையில்தான் பேசப்படுகின்றன. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன்பே இம்மண்ணில் இருந்த குடும்பங்களும், 1960-இல் திருத்தணி பிரிந்தபின் எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட குடும்பங்களும், நேற்று வேலைக்கு வந்த குடும்பங்களும் அங்கே ஒன்றாக உட்காருகின்றன. பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியும். அங்கே ‘சோரம்’ என்ற சொல் எழுந்தவுடன் எல்லார் கண்ணும் பெண்ணின் பக்கம் திரும்புகிறது; கணவன் செய்தது என்ன என்று கேட்பதற்குள் பேச்சு முடிந்து விடுகிறது. எழுதி வைக்கும் ஒப்பந்தத்திலும் அச்சொல் ஏறிவிட்டால் அது அவள் மகளின் திருமணப் பேச்சு வரை தொடர்ந்து வருகிறது. யார் யாரிடம் எதனை மறைத்தார், எவ்வளவு காலம் மறைத்தார் என்று நிகழ்ந்ததை மட்டும் எழுதினால் போதும். அவ்வாறு எழுதத் தொடங்கினால் கணவனின் பெயரையும் பல தாள்களில் எழுத வேண்டியிருக்கும்.